மார்கழி இசை விழாவும் "அந்தக் காலம்" என்ற பேச்சும்

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடியது. வரப்போகும் ஸ்ரீராமநவமி இசை விழாவுக்கு யார் யாரை அழைப்பது என்பதே அன்றைய ஆலோசனை. செயலாளர் பட்டியலைப் படித்து முடிக்குமுன்பே, முன் நாற்காலியில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக் கொண்டார்.

"ஏன் ஐயா, இதுவும் ஒரு பட்டியலா? இதில் எனக்குப் பெயர் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையே! மூன்று நாள் யார் யாரையோ பாட வைப்பதைவிட, இருக்கிற பணத்தைத் திரட்டிப் பெரிய வித்வான் ஒருவரை ஒரே நாள் அழைத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாமே!" என்றார்.

"மாமா, நீங்கள் சொல்லும் பெரிய வித்வானும் ஒரு காலத்தில் பெயர் தெரியாதவராக இருந்தவர்தாமே?" என்று இளைஞர் ஒருவர் கேட்டார்.

பேச்சு வளர்ந்தது, காப்பி ஆறியது. "சென்னையில் நடக்கும் மார்கழி விழாவே தரம் கெட்டுப் போய்விட்டது, நாகபுரியில் நடக்கும் நம் விழா எம்மாத்திரம்!" என்றார் மற்றொருவர். முடிவில், மூன்று நாள் விழாவா, ஒரு நாள் கச்சேரியா என்பதைப் பொதுக்குழுவே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆண்டு விழா முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை அது நம் எல்லோர் முன்னிலையிலும் வரப்போகிறது.

அடியேன் சங்கீதம் கற்றவன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆயினும் கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது "சென்ற ஆண்டைவிடக் குறைந்துவிட்டது" என்று சொன்னால், உடனே பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். அந்தப் பழக்கத்தால், சென்னை மார்கழி விழாவின் பழைய பேரேட்டைச் சிறிது புரட்டினேன். அதில் கண்டவற்றை அன்பர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

டிக்கெட்டோடு பிறந்த உரிமை

"தரம் குறைந்துவிட்டது" என்று ரசிகன் சொல்ல வேண்டுமானால், சொல்லும் உரிமை அவனுக்கு முதலில் இருக்க வேண்டும் அல்லவா? அந்த உரிமை அவனுக்கு எப்போது வந்தது?

தஞ்சை அரசர்கள் காலத்தில் வித்வானை ஆதரித்தவர் அரசர். அவர் ரசித்தால் சன்மானம் உண்டு, இல்லையேல் இல்லை. சபையின் ஓரத்தில் நின்று கேட்டவன் பட்டியலைப் பற்றிப் பேச இடமில்லை. 1855-ஆம் ஆண்டில் தஞ்சையின் கடைசி மன்னரான சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். அரசு கும்பெனியாரின் கைக்குப் போயிற்று. அதன் பின்னர் வித்வான்கள் ஜமீன்களையும், மடங்களையும், கோயில் உத்சவங்களையும், செல்வர் வீட்டுத் திருமணங்களையும் நம்பி வாழ்ந்தனர். சென்னைப் பட்டணம் வளர வளர, பலர் அங்கே குடியேறினர். 1938-ல் மறைந்த வீணை தனம்மாள், ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வாசித்தார் என்பது இன்றும் சொல்லப்படும் செய்தி. அங்கே சென்று அமர்ந்தவர்கள் அந்த அம்மையாரின் விருந்தினர். விருந்தினன் குறை சொல்லுவது அழகன்று.

19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் நிலைமை மாறத் தொடங்கியது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபை போன்ற சபைகள் தோன்றின. சந்தா செலுத்தியவரும் டிக்கெட் வாங்கியவரும் பாய் மீதும் நாற்காலி மீதும் உட்கார்ந்து கேட்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. வக்கீலும், உபாத்தியாயரும், குமாஸ்தாவும் அரசர் இடத்தில் அமர்ந்தார்கள். அரசர் ஒருவர், இவர்கள் நூற்றுவர். ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்கவில்லை. குறை கூறும் உரிமை டிக்கெட்டோடு பிறந்தது என்பது என் எண்ணம். ஆதலின் நம் பெரியவர் குறை கூறினார் என்று நாம் வருந்த வேண்டியதில்லை. அது வழிவழியாக வந்த உரிமை.

விழா பிறந்த கதை

1927-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அங்கே எழுந்த எண்ணத்தின் பயனாக, 1928 ஆகஸ்டு 18-ஆம் தேதி சென்னை மியூசிக் அகாடமியை சர் சி. பி. ராமசாமி ஐயர் தொடங்கி வைத்தார். டாக்டர் யு. ராமராவ் அதன் தலைவராக விளங்கினார். காலையில் ராகங்களின் இலக்கணத்தைப் பற்றி வித்வான்களும் அறிஞர்களும் கூடி விவாதிப்பது, மாலையில் கச்சேரிகள் என்று ஏற்பாடு அமைந்தது. சில ஆண்டுகளில் டிசம்பர் இறுதியே அதற்குரிய காலம் என்று நிலைத்துவிட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் கோர்ட்டும் கச்சேரியும் மூடியிருக்கும், வெயிலும் இராது, வெளியூரார் வந்து தங்க வசதி. இப்படித்தான் மார்கழிக்கும் சங்கீதத்துக்கும் முடிச்சு விழுந்தது.

விழா தொடங்கிச் சில ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1932-ல் இந்தியன் பைன் ஆர்ட்ஸ் சொஸைட்டி என்ற வேறொரு சபை தோன்றியது. டிசம்பரில் ஒன்றுக்கு இரண்டு விழாக்கள். எந்த விழாவில் வித்வான்கள் சிறந்தவர்கள், எதில் பட்டியல் நயமானது என்று பட்டணத்து ரசிகர்கள் அன்றே வாதம் தொடங்கிவிட்டனர். ஆனந்த விகடனில் "கர்நாடகம்" என்ற புனைபெயரில் கல்கி அவர்கள் எழுதிய சங்கீத விமரிசனங்களை மக்கள் ஆவலோடு படித்த காலம் அது. ஆக, பட்டியலைப் பற்றிய சண்டை விழாவின் முதுமையில் வந்த நோயன்று. பால் பற்களோடு முளைத்தது.

எது தரம்?

இனி, தரம் என்ற சொல்லைச் சிறிது ஆராய்வோம். ஒவ்வொரு காலத்திலும் அச்சொல் வெவ்வேறு பொருளில் வழங்கி வந்திருக்கிறது.

முதலாவது, கச்சேரியின் அமைப்பு. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை அவர்களின் கச்சேரி என்றால், பல பக்கவாத்தியங்கள் சூழ, லயத்தில் மல்யுத்தம் நடப்பது போல் இருக்குமாம். அவர் 1934-ல் காலமானார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அவர்கள் வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பாகப் பல கீர்த்தனைகளைப் பாடி, ராகம் தானம் பல்லவியை அளவோடு அமைத்து, துக்கடாக்களோடு முடிக்கும் முறையை நிலைநிறுத்தினார். இன்று நாம் "சம்பிரதாயமான கச்சேரி" என்று எதைச் சொல்லுகிறோமோ, அது அவர் வகுத்த பாதை. ஆனால் மணிக்கணக்கில் பல்லவி கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? அரை வயிற்றுச் சாப்பாடாகத்தான் தோன்றியிருக்கும். அன்றைய புதுமை இன்றைய சம்பிரதாயம் ஆயிற்று.

இரண்டாவது, யார் மேடையேறலாம் என்ற கேள்வி. 1931-ல் மியூசிக் அகாடமி தன் நிகழ்ச்சிகளில் சதிர் நாட்டியத்தைச் சேர்த்தது. அடுத்த ஆண்டில் அந்நாட்டியம் இருக்கலாமா, ஒழிய வேண்டுமா என்று ஈ. கிருஷ்ணையருக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாருக்கும் பத்திரிகைகளில் கடும் விவாதம் நடந்தது. 1933-ல் பாலசரஸ்வதி அதே அகாடமியில் ஆடினார். நாற்பது ஆண்டுகள் சென்றபின், 1973-ல், அந்தப் பாலசரஸ்வதிக்கே அகாடமி சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. பெண்களின் கச்சேரியும் அவ்வாறே. ராகம் தானம் பல்லவி ஆண்களுக்கே உரியது என்று கருதிய நாளில், டி. கே. பட்டம்மாள் அதை மேடையில் பாடிக் காட்டினார். பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மறுத்த வித்வான்களும் இருந்தனர். 1942-ல் ஏற்படுத்தப்பட்ட சங்கீத கலாநிதிப் பட்டத்தை ஒரு பெண்மணி பெற 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பெண்மணி எம். எஸ். சுப்புலட்சுமி. அவர் இல்லாத மார்கழியை நம் பெற்றோர் கற்பனை செய்திருப்பார்களா?

மூன்றாவது, மொழி. 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஆதரவில் தமிழ் இசை மாநாடு கூடியது. தமிழ் நாட்டுக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக மட்டும் வருவது ஏன் என்பது அவர்கள் கேள்வி. அதே ஆண்டு டிசம்பரில் மியூசிக் அகாடமி, மொழியை முன்னிட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தின் தரம் தாழ இடம் தரலாகாது என்ற கருத்தில் தீர்மானம் செய்தது. இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். கேட்பவனுக்குப் பொருள் விளங்காத பாட்டு எப்படி உயர்ந்த தரமாகும் என்று ஒரு சாரார் கேட்டனர். மொழிக்காகப் பாட்டைத் தேர்ந்தால் தரம் என்னாவது என்று மற்றொரு சாரார் கேட்டனர். இரு கட்சியினர் கையிலும் இருந்த வாள் ஒன்றே. அதன் பெயர் தரம். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அதுவும் டிசம்பரில் தன் விழாவை நடத்தத் தொடங்கியது. சண்டையினால் விழா அழியவில்லை. ரசிகனுக்கு இன்னொரு பந்தலும், வித்வானுக்கு இன்னொரு மேடையும் கிடைத்தன. பாபநாசம் சிவன் அவர்களின் தமிழ்க் கீர்த்தனைகள் இன்று எந்தச் சபையிலும் நடுநாயகமாக ஒலிக்கின்றன. 1971-ல் அவரையும் சங்கீத கலாநிதியாக்கியது அதே மியூசிக் அகாடமிதான்.

நான்காவது, வாத்தியம். 1980-களின் தொடக்கத்தில், ஆந்திர நாட்டுப் பாலகொல்லுவில் பிறந்த ஒரு சிறுவன் மாண்டலினைக் கையில் ஏந்திச் சென்னைச் சபைகளில் வந்து உட்கார்ந்தான். மேனாட்டு வாத்தியத்தில், அதுவும் மின்சார வாத்தியத்தில், கர்நாடக சங்கீதமா என்று முகம் சுளித்தவர் உண்டு. முகம் சுளித்தவர்கள் ஒன்றை மறந்தனர். பக்கத்தில் ஒலித்த பிடில் எந்த நாட்டு வாத்தியம்? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்று நமக்குச் சொந்தமாக்கித் தந்த மேனாட்டு வாத்தியம் அல்லவா அது! மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 2014-ல் இளம் வயதிலேயே மறைந்தபோது, முகம் சுளித்த காலத்தை எல்லோரும் மறந்திருந்தார்கள்.

1968-க்குப் பின்

இவ்வளவும் சொன்னதால், குறை கூறியவர்கள் எப்போதுமே தவறினார்கள் என்று அன்பர்கள் கொள்ளலாகாது. உண்மையாகவே வெறுமை தோன்றிய காலமும் உண்டு.

மியூசிக் அகாடமி தொடக்க நாள் முதல் பந்தல்களிலும் பிறர் மண்டபங்களிலும் விழா நடத்தி வந்தது. 1955-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டிய சொந்த அரங்கம் 1962 டிசம்பரில் திறக்கப்பட்டது. பெரிய வீடு கட்டி முடித்ததும் வீட்டுப் பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விடுவது போல், 1965-ல் ஜி. என். பாலசுப்பிரமணியம் மறைந்தார், 1967-ல் அரியக்குடி மறைந்தார், 1968-ல் மதுரை மணி ஐயர் மறைந்தார். மூன்றே ஆண்டுகள்; மூன்று தூண்கள்.

என் தந்தையாரும் ரயில்வே ஊழியர்தாம். வாலிபத்தில் சென்னையில் வேலை பார்த்தபோது, டிக்கெட்டுக்குக் காசில்லாமல் சபா மதிலுக்கு வெளியே நின்று ஒலிபெருக்கியில் மணி ஐயரைக் கேட்டவர். 1968-க்குப் பின் அவர் வாயில் ஒரே வாக்கியம்: "இனிமேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது?" ஆனால் அந்த "என்ன இருக்கிறது" காலத்தில் செம்மங்குடி இருந்தார், எம். எஸ்., பட்டம்மாள், எம். எல். வசந்தகுமாரி இருந்தனர், எம். டி. ராமநாதன் இருந்தார், மதுரை சோமு இருந்தார், பிடிலில் லால்குடி ஜெயராமன் இருந்தார். அவர்கள் கச்சேரிகளையும் என் தந்தையார் கேட்டுக் கொண்டுதான் இருந்தார். கேட்டுக் கொண்டே இல்லை என்றார். துக்கத்தில் இருக்கிறவன் கண்ணுக்கு எதிரில் இருப்பவர் தெரிவதில்லை. அந்தத் துக்கம் பொய்யன்று. ஆயின் அது கணக்கும் அன்று.

1985-ல் சென்னையில் இளைஞர்கள் சிலர் தாங்களே கூடி, சாஸ்திரீய இசைக்கென ஓர் இளைஞர் சங்கம் அமைத்தனர். பெரியவர்கள் மேடை தரும் வரை காத்திராமல், ஒருவர் பாட மற்றவர் கேட்டனர். 1990-களில் சபைகளை நிரப்பிய தலைமுறையில் பலர் அங்கிருந்து வந்தவர்களே. "இளைஞர் யார் வருகிறார்கள்?" என்று பெரியவர்கள் வருந்திக் கொண்டிருந்த அதே வேளையில், அடுத்த வீட்டு மாடியில் அந்த இளைஞர்கள் சாதகம் செய்து கொண்டிருந்தார்கள்.

என் சொந்தக் குற்றம்

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிறர் குறையைச் சொல்லித் தன் குறையை மறைப்பது கணக்கில் கள்ளம்.

2006-ஆம் ஆண்டு டிசம்பரில் பாஸ் எடுத்துக்கொண்டு, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போயிருந்தேன். சபைகளின் ஏற்பாடு அன்பர்கள் அறிந்ததே. நண்பகலிலும் பிற்பகலிலும் வளரும் கலைஞர்கள். அந்திக்கு முன் அவர்களைவிடச் சிறிது மூத்தவர்கள். மாலையில் பெரிய வித்வான்கள். மாலைக் கச்சேரிக்கு நல்ல இடம் பிடிப்பதற்காக நான் நண்பகலிலேயே ஒரு சபைக்குப் போய்விட்டேன். மேடையில் இருபது வயதுகூட நிரம்பாத பெண் ஒருத்தி பாடிக் கொண்டிருந்தாள். கூடத்தில் இருபது பேர் இருக்கலாம். அவர்களில் பாதிப் பேர் அவள் உறவினராகவே இருந்திருக்க வேண்டும். அவள் தோடியை ஆலாபனை செய்யத் தொடங்கியபோது நான் எழுந்து கேண்டீனுக்குப் போனேன். அங்கே இலையில் பொங்கலும் வடையும் விழுந்தன. எதிரில் அமர்ந்திருந்த முன்பின் அறியாத அன்பர் ஒருவரிடம், "இப்போதெல்லாம் முன்போல் யார் பாடுகிறார்கள்?" என்று நானே சொன்னேன். அவரும் ஆமாம் என்று தலையசைத்தார். தோடி உள்ளே நடந்து கொண்டிருந்தது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2019-ல், ஒரு மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க விடியற்காலையிலேயே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னே நாற்பது பேர். யாருடைய கச்சேரி என்று அன்பர்கள் ஊகித்திருப்பார்கள். ஆம், அந்தப் பெண்தான். அன்று மாலையும் அவர் தோடி பாடினார். கூடம் அசையாமல் இருந்தது. எனக்கு மட்டும் உள்ளே ஏதோ குறுகுறுத்தது. இலவசமாகக் கிடைத்ததை எழுந்து போய் இழந்தவன், இப்போது வரிசையில் நின்று வாங்கிக் கொண்டிருக்கிறான்! தரம் குறைந்துவிட்டது என்று நான் கேண்டீனில் தீர்ப்பளித்த வேளையில், தரம் முப்பது அடி தூரத்தில், காலி நாற்காலிகளுக்கு முன்னால் வளர்ந்து கொண்டிருந்தது.

நியாயமான குறைகள்

அப்படியானால் இன்றைய விழாவில் குறையே இல்லையா? உண்டு. அவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சபைகள் பெருகிவிட்டன. ஒரே வித்வான் ஒரே மாதத்தில் பல சபைகளில் பாடுகிறார். தொண்டையும் மனிதனுடையதுதானே? பத்தாவது கச்சேரியில் களைப்புத் தெரிந்தால் அது வித்வத்தின் குறையன்று, ஏற்பாட்டின் குறை. எல்லாச் சபைகளும் அதே சில பெயர்களையே சுற்றிச் சுற்றி அழைப்பதால், பட்டியல்கள் ஒன்றன் நகலாக மற்றொன்று இருக்கின்றன. கச்சேரி இரண்டரை மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டதால், ராகம் விரிய இடம் போதவில்லை. நாகஸ்வரத்துக்கு மங்கல வாசிப்பு என்று ஓர் ஓரம் மட்டும் கிடைக்கிறது; திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பிறந்த நாட்டில் இது நமக்கு வெட்கம். தகுதியைப் பார்க்காமல் பழக்கத்தையும் சிபாரிசையும் பார்த்து மேடை தருவதாகவும் பேச்சு இருக்கிறது. அது எங்கே நடந்தாலும் கண்டிக்கத் தக்கது.

இவை யாவும் திருத்தக் கூடியவை. திருத்த வேண்டுமென்று ரசிகன் கேட்கத்தான் வேண்டும். மறைந்தவர்களுக்காக வருந்துவது வேறு; மேடையில் இருப்பவர்களின் ஏற்பாட்டைத் திருத்துவது வேறு. முன்னதற்குச் சபைச் செயலாளர் என்ன செய்வார்? யமனோடு ஒப்பந்தம் செய்ய அவரால் ஆகாது. பின்னதற்கு அவரே பொறுப்பாளி. நாமோ பெரும்பாலும் முன்னதைச் சொல்லி அவரைத் திட்டிவிட்டு, பின்னதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

மூன்றாவதாக ஒரு குறையும் உண்டு. அது செயலாளருடையதும் அன்று, யமனுடையதும் அன்று, நம்முடையது. இளம் கலைஞன் பாடும்போது நாம் கூடத்தில் இருப்பதில்லை. சென்ற ஆண்டு நம் ஸ்ரீராமநவமி விழாவின் இரண்டாம் நாளில், பழக்க தோஷத்தால் தலைகளை எண்ணினேன். முப்பத்தொன்று. அவற்றிலும் எட்டு, தாய்மாரின் மடியில் தூங்கிக் கொண்டிருந்தன. பாடியவர் அதையெல்லாம் பாராமல், மங்களம் வரை ஒரு குறையும் வைக்காமல் பாடினார். அவருக்கு நாம் வைத்த குறை பெரிது.

நம் முன்னுள்ள முடிவு

ரயில்வேயில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கிளைப் பாதையில் ஓடும் சாதாரண வண்டியில் லாபம் இல்லை. பெட்டிகளில் பாதி காலியாக இருக்கும். அதை நிறுத்திவிட்டு எக்ஸ்பிரஸ் வண்டி மட்டும் விட்டால் போதும் என்று தோன்றும். நிறுத்திப் பார்த்தால்தான், ஜங்ஷனில் எக்ஸ்பிரஸ் ஏறுவதற்கு ஆட்களைக் கொண்டு வந்து இறக்கியது அந்தக் கிளை வண்டிதான் என்பது விளங்கும். நண்பகல் கச்சேரி கிளை வண்டி. மாலைக் கச்சேரி எக்ஸ்பிரஸ். நம் விழாவின் மூன்று நாட்களில் இரண்டை நிறுத்திவிட்டு, பெரிய வித்வான் ஒருவரை மட்டும் அழைப்பதால் அந்த ஒரு மாலை நிச்சயம் இனிக்கும். ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பின் அழைப்பதற்குப் பெரிய வித்வான் எங்கிருந்து வருவார்?

"நாம் தமிழ் நாட்டுக்கு வெளியே, ஒரு காலனியில் இருக்கிறவர்கள், வித்வான்களை உண்டாக்குவது நம் வேலையா?" என்று அன்பர்கள் கேட்கலாம். அதற்கும் பேரேட்டில் பதில் இருக்கிறது. 2018-ல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்ற அருணா சாயிராம் பம்பாயில் பிறந்து வளர்ந்தவர். 2023-ல் அதே பட்டம் பெற்ற ஜெயஸ்ரீயின் பெயருக்கு முன்னாலேயே பம்பாய் நிற்கிறது. பிழைப்பைத் தேடி வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் சுருதிப் பெட்டி ஒலித்ததால்தான், ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு சங்கீத கலாநிதிகள் பம்பாய் மண்ணிலிருந்து சென்னைக்குப் போனார்கள். பம்பாயில் முளைத்தது நாகபுரியில் முளைக்காது என்று யார் சொல்ல முடியும்?

2020-ஆம் ஆண்டு மார்கழியையும் நினைத்துப் பாருங்கள். தொற்று நோயினால் சென்னை அரங்குகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. வித்வான்கள் ரசிகர் இல்லாத கூடங்களில் பாட, நாம் இங்கே கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டோம். பாட்டில் குறை இல்லை. பாடியவர்கள் தேர்ந்த வித்வான்கள். ஆயினும் முடிந்ததும் கைதட்டல் இல்லாமல் ஒரு மௌனம் வந்தது. அந்த மௌனத்தில்தான் நமக்கு உறைத்தது: கச்சேரிக்கு வேண்டியவர் பாடுகிறவர் மட்டும் அல்லர்; கேட்கிறவரும் வேண்டும். பட்டியலில் அச்சிடப்படாத பெயர் நம்முடையது.

ஆகவே பொதுக்குழுவின் முன் அடியேன் பணிவோடு வைக்கும் யோசனை இது. மூன்று நாளும் நடக்கட்டும். ஒரு நாள், நம் சக்திக்கேற்ற மூத்த வித்வான் ஒருவர். அவரை இரண்டாண்டுக்கு ஒரு முறையாவது மாற்றி அழைப்போம். ஒரு நாள், சென்னையிலிருந்தோ வேறெங்கிருந்தோ நாம் பெயர் கேட்டிராத இளம் கலைஞர் ஒருவர். இயன்றால் நாகஸ்வரக் குழுவும் ஒன்று. ஒரு நாள், நம் காலனிக் குழந்தைகளில் சங்கீதம் கற்றுக் கொள்கிறவர்கள். பட்டியலை ஒருவர் இருவர் தம் பழக்கத்தின்படி வகுக்காமல், சங்கீதம் அறிந்த மூவர் கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். இவற்றோடு, கடினமான விதி ஒன்றும் இருக்கட்டும்: பட்டியலைப் பற்றிக் குறை சொல்ல விரும்புகிற உறுப்பினர், மூன்று நாளும் மங்களம் வரை உட்கார்ந்து கேட்டபின் சொல்லட்டும்.

குழுக் கூட்டத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிய பெரியவரைச் சென்ற வாரம் மார்க்கெட்டில் கண்டேன். இந்தக் கட்டுரையை எழுதிக் கொண்டிருப்பதாகச் சொல்லி, "மாமா, தாங்கள் முதன் முதலில் கேட்ட கச்சேரி யாருடையது?" என்று விசாரித்தேன். சற்று நேரம் யோசித்தார். பிறகு, தம் சொந்த ஊர்க் கோயில் உத்சவத்தில் ஒரு சிறு வித்வான் பாடியதாகவும், அவர் பெயர் இப்போது நினைவில் இல்லை என்றும், ஆனால் அவர் பாடிய காம்போதி இன்னும் காதில் இருக்கிறது என்றும் சொன்னார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சிரித்துவிட்டு, காய்கறிப் பையை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "இரண்டாம் நாள் கச்சேரி எத்தனை மணிக்கு அப்பா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நாம் எல்லோரும் சேர்ந்து விடை சொல்ல வேண்டிய நாள் வருகிற ஞாயிற்றுக்கிழமை.